மடை யார் கையில்?

2020 ஜனவரியில் சித்தப்பா மகள் ஒரே ஒரு டிராலிப் பெட்டியோடு மன்னார்குடிக்கு வந்தாள். சீனாவில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடம். அங்கே புத்தாண்டு விடுமுறை. புத்தகம், ஸ்டெதஸ்கோப், கம்பளிக் கோட்டு எல்லாம் ஹாஸ்டல் அறையில் இருந்தன. "மார்ச்ல போயிடுவேண்ணா" என்றாள். அவள் திரும்பிப் போனது 2022 நவம்பரில்.

அந்த மார்ச் 28 முதல் சீனா வெளிநாட்டவர் உள்ளே வருவதை நிறுத்தியது. செல்லுபடியாகும் விசாவும் வசிப்பு அனுமதியும் கையில் இருந்தாலும் கிடையாது. இந்தியாவிலிருந்து அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள் சுமார் 23,000 பேர். பெரும்பாலும் மருத்துவ மாணவர்கள். மாணவர் விசா மறுபடி தரப்படும் என்று அறிவிப்பு வந்தது 2022 ஆகஸ்டில்தான்.

அந்த நாட்களில் நானும் மென்பொருள் வேலையை ஊரிலிருந்தே செய்துகொண்டிருந்தேன். நான் கீழ்க்கட்டில், அவள் மாடியில். சீனாவில் காலை எட்டு மணி வகுப்பு என்றால் நமக்கு ஐந்தரை. இருட்டில் எழுந்து, கரண்ட் போனால் மொபைல் டேட்டாவில், உடலைத் திறந்து பார்க்க வேண்டிய படிப்பை ஸ்லைடு ஸ்லைடாகப் பார்த்தாள். கட்டணம் மட்டும் நேரடி வகுப்புக்கு உரிய கட்டணம். அதற்காகச் சித்தப்பா ஆறு மா நிலத்தில் மூன்றை ஏற்கெனவே விற்றிருந்தார்.

2020 ஜூன் 12 அன்று எட்டு வருடத்துக்குப் பிறகு மேட்டூர் அணை சரியான தேதிக்குத் திறந்தது. பாமணி ஆற்றில் தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டு வந்த சித்தப்பா சொன்னார்: "தண்ணிக்கே தேதி இருக்கு. இந்தப் புள்ளைக்கு இல்ல."

டெல்டாக்காரனுக்கு அடுத்தவன் கையில் இருக்கும் மடைக்காகக் காத்திருப்பது புதிது அல்ல. ஆனால் காவிரிக்கு 1990-இல் ஒரு நடுவர் மன்றம் அமைந்தது. 2007-இல் இறுதித் தீர்ப்பு. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்றது. தண்ணீர் வருகிறதோ இல்லையோ, கடைமடைக்காரனுக்கு உரிமை உண்டு என்பதை ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டிருக்கிறது. விசாவுக்கு அப்படி ஒன்று இல்லை. விசா என்பது சலுகை. மறுத்தவர் காரணம் சொல்லக்கூடக் கடமைப்பட்டவர் அல்ல.

இது சரியா? இம்மானுவல் காண்ட் 1795-இல் நிரந்தர அமைதி பற்றி எழுதும்போது ஒரு கோடு போடுகிறார். அந்நியனுக்கு ஒரு மண்ணுக்கு வந்துபோகும் உரிமை உண்டு. விருந்தாளியாகத் தங்கும் உரிமை கிடையாது, அதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். நான் இதை இப்படி வாசிக்கிறேன்: அழைத்து, இடம் கொடுத்து, பணம் வாங்கிக்கொண்டபின் அந்த ஒப்பந்தம் ஆகிவிட்டது. தொற்றுக் காலத்தில் கதவை மூட ஒரு நாட்டுக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் எப்போது திறக்கும் என்று சொல்லாமலே இரண்டரை வருடம் மூடிவைக்க, அதுவரை கட்டணமும் வாங்க, என்ன நியாயம்? என் தங்கைக்கு நடந்தது அநீதி. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகம் வந்தது இதற்கு அடுத்த படியில்.

2022 பிப்ரவரி 8-இல் தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவிப்பு விட்டது: இணையவழியில் மட்டும் முடித்த மருத்துவப் படிப்பை அங்கீகரிப்பதில்லை. தங்கையும் அவள் வகுப்பு நண்பர்களும் மனு போட முடிவு செய்தார்கள். இங்கிலீஷில் எழுதித் தரும் வேலை எனக்கு. வீட்டிலிருந்தே கோடு எழுதிப் பழகியவன் அல்லவா, 'இணையவழிக் கல்வியும் நேர்வழிக் கல்விக்கு நிகரானதே' என்று உறுதியாக எழுதினேன்.

அதே வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்துவிட்டுக் கையில் ஊசிக்குழாயோடு வீட்டுக்கு வந்தார். இன்னும் இரண்டு நாள் மருந்து ஏற்ற வேண்டும். ராத்திரி அந்தக் குழாய் அடைத்துக்கொண்டது. புதிதாக நரம்பு பார்த்துக் குத்த வேண்டும்.

"பெரியம்மாவுக்கு நான் போடறேண்ணா" என்றாள் தங்கை.

"இதுக்கு முன்னாடி எத்தன பேருக்குப் போட்டிருக்க?"

"ஆளுக்குப் போட்டதில்ல. ரப்பர் கையில நாலு தடவ."

நான் ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்து அடுத்த தெருவில் இருக்கும் நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் மாடிக்குப் போய்விட்டாள். என் லேப்டாப்பில் அந்த மனு திறந்தபடி இருந்தது. 'நிகரானதே'.

ஊரார் அம்மாவுக்குச் சரி, என் அம்மாவுக்குச் சரியில்லை என்றால் அந்த மனுவுக்கு என்ன அர்த்தம்? அவளுக்கு அநீதி இழைத்தது ஒரு கதவு. அந்தக் கடனை அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும், இது எதுவும் தெரியாத ஒரு பாட்டியின் கையில் வசூலிக்க முடியாது. பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கேட்கும் உரிமை உண்டு. மூன்றாமவர் உடம்பிலிருந்து அதை எடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

அப்படியானால் ஆணையம் சொன்னது சரி, பேச்சு முடிந்ததா? இல்லை. 'செல்லாது' என்று மட்டும் சொல்வதும் சுலபம், 'செல்லும்' என்று தள்ளிவிடுவதும் சுலபம். இரண்டுக்கும் செலவு இல்லை. செலவு பிடிப்பது மூன்றாவது வழி: கற்றுக்கொள்ள ஒரு வார்டும், கூட நின்று சொல்லித்தர ஒரு மூத்த டாக்டரும் கொடுப்பது. 2022 ஏப்ரல் 29-இல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. நேரடிப் பயிற்சி இல்லாமல் மருத்துவர் ஆக முடியாது. ஆனால் இவர்களுக்கு இங்கேயே பயிற்சி தர இரண்டு மாதத்தில் ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்றது. ஜூலையில் ஆணையம், ஜூன் 30-க்குள் பட்டம் பெற்ற கடைசி வருடத்தாருக்கு மட்டும் வழி திறந்தது: தகுதித் தேர்வு எழுதித் தேறி, ஒரு வருடத்துக்குப் பதில் இரண்டு வருடம் பயிற்சி. நான்காம் வருடத்தில் இருந்த தங்கைக்கு அதில் இடம் இல்லை.

மனுவில் அந்த வரியை அடித்துவிட்டு, 'எங்களுக்குச் சலுகை வேண்டாம், வார்டு கொடுங்கள்' என்று மாற்றினேன். அவள் படித்துப் பார்த்தாள். "இது கெடைக்காதுண்ணா" என்றாள். "ஆனா இதுதான் வேணும்."

நவம்பரில் மன்னை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடப் போனோம். சித்தப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். அவளாகவே சொன்னாள்: "அன்னிக்கு நீ செஞ்சது சரிதாண்ணா. ஆனா என் கையிலேர்ந்து ஊசியப் புடுங்கின மாதிரி இருந்துச்சு."

இரண்டு வாக்கியமும் உண்மை. சரியாகச் செய்ததாலேயே கடன் தீர்ந்துவிடாது. அவளை நம்பாதது சரி என்றால், அவளை நம்பக்கூடிய டாக்டராக்கும் பொறுப்பில் எனக்கும் பங்கு உண்டு. மனு எழுதியதைத் தவிர அதற்கு நான் என்ன செய்தேன் என்று ரயில் போன பிறகும் நின்று யோசித்தேன். பதில் வரவில்லை.