ஊர்ப்பெயர் என்னும் சாட்சி

ஒரு பொருளின் மேல் அது பிறந்த ஊரின் பெயரைப் பொறிப்பது வணிகச் சட்டத்தின் சிறு கூறு போலத் தோன்றினாலும், அப்பெயரை உண்மையாக்குவது எது என்று கேட்கத் தொடங்கினால், காரணம் எவ்வாறு காரியமாகிறது, கண்ணால் காணாததை அறிவு எவ்வாறு பற்றுகிறது என்று இந்தியத் தத்துவ மரபினர் நெடுங்காலம் வாதிட்ட இடத்திற்கே அக்கேள்வி கொண்டுசேர்க்கிறது.

மேலைநாடுகளில் இச்சட்டம் திராட்சை மதுவைச் சுற்றியே வளர்ந்தது. போர்ச்சுகல்லின் தோரோ பள்ளத்தாக்கிற்கு 1756இல் எல்லை வகுக்கப்பட்டது முதல் இன்றைய ஐரோப்பிய ஒன்றிய விதிகள் வரை, நிலமே அங்கு அளவுகோலாக நிற்கிறது. பிறப்பிடப் பெயருக்கான முழுக் காப்பைப் பெற விரும்பும் மதுவின் திராட்சை முழுவதும் குறித்த நிலப்பகுதியிலேயே விளைந்திருக்க வேண்டும் என்றும், அதனினும் தளர்ந்த புவிசார் குறியீட்டிற்கு 85 விழுக்காடு போதும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையும், 23ஆம் பிரிவில் மதுவுக்கும் வடித்த சாராய வகைகளுக்கும் தனிக்காப்பு அளித்து, 'இன்ன ஊர் வகை', 'இன்ன ஊர்ப் பாணி' என்று உண்மையை உடன் சேர்த்து எழுதினாலும் அவ்வூர்ப் பெயரை வேற்றூரார் ஆளக்கூடாது என விலக்குகிறது. பிற பொருள்களுக்கோ, மக்கள் தவறாக எண்ண நேர்கிறது என்று காட்டினாலன்றி 22ஆம் பிரிவின் காப்புக் கிட்டுவதில்லை. மண் கனியில் உறைகிறது, கனி மதுவில் உறைகிறது, ஆகவே மதுவில் ஊர் உறைகிறது என்பது இவ்வேறுபாட்டின் அடியில் கிடக்கும் எண்ணம். காரியம் தோன்றுமுன்னரே காரணத்துள் அடங்கியிருக்கிறது எனச் சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் கொள்ளும் சற்காரியவாதத்திற்கு இது மிக நெருங்கியது.

காஞ்சிபுரம் பட்டு இவ்வெண்ணத்திற்குள் அடங்க மறுக்கிறது. இந்தியாவின் 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தபின், சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் 2005–06இல் பதிவான இச்சேலையின் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. பட்டிழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசிய சரிகையும் நெடுங்காலமாகச் சூரத்திலிருந்து வந்தது. காஞ்சித் தண்ணீரே சாயத்திற்கு ஒளி தருகிறது என்று அங்குள்ளோர் சொல்வதுண்டு. ஆனால் சேலையின் பெருமை முழுவதையும் தண்ணீரின் மேல் ஏற்றுவது, திராட்சைக்குரிய விளக்கத்தைத் தறிக்குக் கடன்வாங்குவதாகவே முடியும். பொருள் வெளியூரது என்றால், 'காஞ்சிபுரம்' அச்சேலையில் எங்கே இருக்கிறது?

இதற்கு வைசேடிகர் கூறும் விடை பொருத்தமானது. அவர்கள் எடுத்தாளும் எடுத்துக்காட்டே ஆடைதான். ஆடை எதில் பிரியாது தங்குகிறதோ அந்த நூல் சமவாயிக் காரணம் என்றும், நூல்கள் ஒன்றோடொன்று கூடும் கூட்டம் அசமவாயிக் காரணம் என்றும், நெய்பவரும் நாடாவும் தறியும் நிமித்த காரணம் என்றும் வகுக்கும் அவர்கள், ஆடை நூலுக்குள் முன்னமே மறைந்திருந்ததன்று, கூட்டத்தால் புதிதாகத் தோன்றியது என வாதிடுவர். காஞ்சிச் சேலையின் தனிச்சிறப்பாக நெசவாளர் சுட்டுவனவும் கூட்டங்களே. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக மூன்று நாடாக்களைக் கொண்டு ஊடை இழைகளைக் கொக்கிபோல் பிணைத்து நெய்யும் கோர்வையில், ஒரு பக்கத்துக் கரைநாடாவை எறிய இன்னொருவர் துணைக்கு அமர வேண்டியிருப்பதால், ஒரே சேலையில் இருவரின் கைகள் ஒரே தாளத்திற்கு வர வேண்டும். முந்தியின் நிறம் மாறுமிடத்தில் பழைய பாவிழை ஒவ்வொன்றோடும் புதிய பாவிழையைச் சேர்க்கும் பெட்னியும் அத்தகையதே. ஊர் இந்த இணைப்புகளில்தான் இருக்கிறது என்று கொள்வதே நேரிது. மண்ணில் விளைந்த குணமாக அன்றி, தலைமுறைகள் கைமாற்றிய ஒழுங்காக அது நிலைக்கிறது. இந்தியச் சட்டமும், செய்பொருள்களைப் பொறுத்தவரை ஆக்கல், பதப்படுத்தல், ஆயத்தம் செய்தல் என்பவற்றுள் ஒன்று அந்நிலப்பகுதியில் நிகழ்ந்தால் போதும் என்று கூறுவதன் வழியாக, தன்னையறியாமலே வைசேடிகர் பக்கம் சாய்ந்துவிட்டது.

எனினும் ஒழுங்கில் உறையும் ஊருக்கு வரைபடத்தில் கோடு போடுவது எளிதன்று. காஞ்சி நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உத்திரமேரூரில் ஒருவர் அதே நூலை, அதே கோர்வையில், காஞ்சியில் கற்ற கையால் நெய்தால், அச்சேலையை வேறாக்குவது தொலைவு மட்டுமே. சட்டத்திற்கு எல்லை தேவை என்பதில் ஐயமில்லை. அந்த எல்லை பொருளின் இயல்பிலிருந்து பிறந்ததன்று, உடன்பாட்டால் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மணிமேகலை காஞ்சியில் அறவண அடிகளிடம் கேட்ட பௌத்த அறம், எப்பொருளும் சார்புகளின் தொடர்ச்சியே, தனக்கென நிலைத்த இயல்புடையதன்று என்பது. ஊர்ப்பெயருக்கும் அது பொருந்தும்.

அப்படியானால் வாங்குபவர் அப்பெயரை எதைக் கொண்டு நம்புவது? சைவ சித்தாந்தம் அறிவுக்கருவிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகக் கூறும். பட்டின் தூய்மையும் சரிகையின் பொன்னும் சோதனையில் காண்டலுக்குள் வந்துவிடும். சேலையின் பின்புறத்து இணைப்பைப் பார்த்து அது கோர்வை என்று கருதியறியலாம். எவ்வூரில் நெய்தது என்பதோ இவ்விரண்டிற்கும் எட்டாது. அது உரையால் மட்டுமே, அதாவது உள்ளதை அறிந்து உள்ளவாறே சொல்லும் நம்பத்தக்கவரின் வாக்கால் மட்டுமே அறியப்படுவது. ஆகவே குறியீட்டுச் சீட்டு முதன்மையாக ஒரு சாட்சி. உடைமை என்பது அதற்குப் பின்னர் வருவது. குறியீட்டின் உரிமையை விற்கவோ அடகு வைக்கவோ பிறர்க்கு உரிமம் அளிக்கவோ கூடாது என்று சட்டத்தின் 24ஆம் பிரிவு தடுப்பதன் நியாயமும் இதுவே, ஏனெனில் சாட்சியை விலைக்கு மாற்றிக்கொடுத்தால் அது சாட்சியாக இராது.

சாட்சியின் மெய்ம்மை சாட்சி சொல்பவரைப் பொறுத்தது என்பதை உத்திரமேரூர் நன்கு அறிந்திருந்தது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள், ஏரி வாரியம் முதலியவற்றோடு பொன் வாரியத்தையும் குறிப்பிட்டு, குடவோலையில் பெயர் எழுதப்படுவோர், 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, 35 முதல் 70 வயதுக்கு உட்பட்டவராகவும் சொந்த மனையில் வீடு கட்டியவராகவும் இருக்க வேண்டும் என்றும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட வேண்டும் என்றும் விதிக்கின்றன. ஊருக்குப் பொன்னின் மாற்றுக் காண்போரைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லும் கல்வெட்டும் அங்கு உண்டு. உரைகல் பொய் சொல்லாது. ஆயினும் உரைப்பவரை ஆராயாமல் உரைகல்லை அவர் கையில் கொடுக்க அச்சபை முன்வரவில்லை.

இன்றைய சட்டம் இங்கேதான் தளர்கிறது. பதிவேட்டின் அ பகுதியில் குறியீடும், ஆ பகுதியில் அதனைப் பயன்படுத்த அனுமதி பெற்றவர்களும் பதியப்படுகின்றனர். ஆனால் கைவினைப் பொருளின் 'உற்பத்தியாளர்' என்னும் சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தில், செய்பவரோடு அப்பொருளில் வணிகம் செய்பவரும் அடங்குகிறார். தறிக்குழியில் அமர்ந்து கூலிக்கு நெய்பவர் தான் நெய்த ஊரை நேரில் அறிந்தவர். கடைக்காரர் பிறர் சொல்லக் கேட்டவர். இருவர் வாக்கையும் ஒரே தட்டில் வைக்கும் சட்டம், கேட்டவர் சொல்லைக் கண்டவர் சொல்லாகக் கொள்ள இடந்தருகிறது. முதலாளியிடம் பாவு வாங்கி நெய்யும் நெசவாளரின் பெயர் ஆ பகுதியில் ஏறாமல், அவர் சேலையை விற்பவரின் பெயர் மட்டும் ஏறுமானால், அச்சேலையின் மேலுள்ள காஞ்சிபுரம் என்னும் சொல்லுக்கு நேரில் கண்ட சாட்சி எவரும் இலர்.