வளர்ற பிள்ளைக்கு எவ்வளவு நீளம்?

திண்டுக்கல் கடைவீதிகளில் பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்க வரும் அம்மாக்கள் தையல்காரரிடம் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "வளர்ற பிள்ளைண்ணே, கொஞ்சம் தாராளமாவே தைங்க." அவருக்கும் அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாவாடையின் அடியில் இரண்டு விரற்கடை உள்மடிப்பு, கால்சட்டையின் பின்தையலில் பிரித்துவிட இடம் என்று எதிர்காலத்தையும் சேர்த்தே தைத்துவிடுவார். மறு ஆண்டு மடிப்பைப் பிரித்தால், வெளுக்காத துணி ஒரு பட்டையாகத் தெரியும். அதைப் பார்த்தே பிள்ளை எவ்வளவு வளர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

சீருடைக்கு இது நல்ல ஏற்பாடு. வரவு செலவை எண்ணிப் பார்க்கும் குடும்பங்களின் அக்கறை அதில் இருக்கிறது. ஆனால் வேட உடுப்பு வேறு வகை. மாறுவேடப் போட்டியன்று மேடையேறும் ஏழு வயதுக் காந்தியின் கையில் தாத்தாவின் கைத்தடியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். தடி பிள்ளையின் நெற்றிவரை நிற்கிறது. பிள்ளை அதை ஊன்றி நடப்பதற்குப் பதில் தூக்கிச் சுமக்கிறது. இத்தனைக்கும், இங்கிருந்து அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் மதுரையில்தான், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அவரே தன் உடையைக் குறைத்துக்கொண்டார். அவர் வேடத்துக்கான தடியில் ஒரு முழம் வெட்டத்தான் வீட்டில் மனம் வருவதில்லை.

பெரியவருக்கென்று உருவான ஒன்றைச் சிறியவருக்குக் கொடுக்கும்போது எதைக் குறைப்பது, எதைக் குறைக்காமல் காப்பது? இந்தக் கேள்வியை ஒரு மப்ளரைப்போல் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை. பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சித் தொடர் 'டாக்டர் ஹூ'. அதில் 1974 முதல் 1981 வரை நாயகனாக நடித்தவர் டாம் பேக்கர். அவருக்காக ஆடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் அச்சிசன் பல நிற உல்லன் நூல்களை வாங்கி, பின்னல் கலைஞர் பிகோனியா போப்பிடம் கொடுத்தார். கொடுத்தது தேவைக்கு மிக அதிகம். அவரோ வந்த நூல் முழுவதையும் பின்னிவிட்டார். கிட்டத்தட்ட 20 அடி நீளத்தில் வந்த மப்ளரை பேக்கர் ஆசையாகக் கழுத்தில் சுற்றிக்கொள்ள, அதுவே அந்தப் பாத்திரத்தின் அடையாளமாயிற்று. படப்பிடிப்பில் விழுந்து அவருடைய காறை எலும்பு முறிந்தபோது, கட்டு கேமராவில் தெரியாமல் மறைக்கவும் அது உதவியது.

அரை நூற்றாண்டாக ரசிகர்கள் அதை நிறம் நிறமாக, வரிசை வரிசையாக எண்ணி நகலெடுத்து வருகிறார்கள். அப்படி ஒரு நகலை நான்கடி உயரப் பிள்ளைக்குப் பின்ன வேண்டும் என்றால்?

பேக்கரின் உயரம் 6 அடி 3 அங்குலம். மப்ளர் அவர் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்கும் சற்று அதிகம். அதே விகிதத்தில் நான்கடிப் பிள்ளைக்குப் பதின்மூன்று அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். அகலத்துக்கு 60 கண்ணி போடும் இடத்தில் 38 போட வேண்டும். கணக்கு இதோடு முடிந்தால் நல்லது, முடிவதில்லை. இந்தப் பின்னலில் இரண்டிரண்டு வரிசை சேர்ந்துதான் ஒரு மேடு விழும். நிறம் மாறும் கோடு எப்போதும் ஒரே பக்கம் சுத்தமாக விழ வேண்டுமானால் வரிசைகள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். எட்டு வரிசைப் பட்டையைச் சுருக்கினால் ஐந்து வரும். நான்கா ஆறா என்று பின்னுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். மெல்லிய பட்டைகளில் ஆறு என்று விட்டுக்கொடுத்து, அகலப் பட்டைகளில் அதை ஈடுகட்டுவதே நல்லது. இல்லாவிட்டால் சில நிறங்கள் கண்ணிலேயே படாது.

பிள்ளையின் உடம்பும் விகிதக் கணக்குக்கு முழுதாகக் கட்டுப்படாது. பிறந்த குழந்தையின் தலை அதன் நீளத்தில் கால் பங்கு. வளர்ந்தவருக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. ஏழு வயதுப் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே உயரத்தை வைத்துக் குறைத்த மப்ளர் கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றியதும் எதிர்பார்த்ததைவிடக் குட்டையாகத் தொங்கும். நாடாவால் அளந்தால் போதாது, கழுத்தில் போட்டுத் தொங்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும். திண்டுக்கல் வெயிலுக்குப் பருத்தி நூலில் பின்னுவோர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பருத்தி கனமானது, உல்லன்போல் சுருங்கித் திரும்பாது. தொங்கத் தொங்கத் தன் எடையிலேயே நீண்டுவிடும்.

நீளம் அழகோடு நிற்கும் விஷயமும் இல்லை. புகழ்பெற்ற நாட்டியக் கலைஞர் இசடோரா டங்கன் 1927இல் பிரான்ஸின் நீஸ் நகரில், கழுத்துத் துணி கார் சக்கரத்தில் சிக்கி இறந்தார். நம் மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரத்தில் சாரி கார்டு பொருத்தியிருப்பதும் இதே ஆபத்தை நினைத்துத்தான். ஆண்டு விழாக் காலையில் அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும் பிள்ளையின் கழுத்தில் பெரியவர் அளவு மப்ளர் இருக்கவே கூடாது. பள்ளிக்குப் போய்ச் சேரும்வரை அது பைக்குள் இருக்கட்டும். மேடையிலும் முனை முழங்காலுக்கு மேலேயே நிற்கட்டும்.

அப்படியானால் நகல் எந்த விதத்தில் நகல்? சின்னாளப்பட்டிச் சேலையைப் பாவாடையாக்கிக் கொடுக்கும் வீடுகளில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அம்மாவின் பழைய சேலையை எட்டு வயது மகளுக்குத் தைக்கும்போது கத்தரி முதலில் போவது உடலுக்கு. கரையைத் தொடுவதில்லை. ஐந்தரை மீட்டர் துணி இரண்டு மீட்டருக்குள் வந்துவிட்டாலும், கரையைப் பார்த்ததும் "இது உங்கம்மா சேலைல்ல?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டுவிடுவார். மப்ளரில் கரைக்குரிய இடம் நிறங்களின் வரிசைக்கு. கூடவே, நடந்தால் காற்றில் முனை ஆட வேண்டும். இந்த இரண்டும் நின்றால் நகல் நிற்கும். 20 அடி என்ற கணக்கு நூல் மிஞ்சியதால் தானாக வந்தது. அதைப் புனிதமாகக் கருதிப் பிள்ளையின் காலைத் தடுக்கவிட வேண்டியதில்லை.

பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பவற்றில் உடுப்பு ஒரு சிறு பகுதிதான். தாத்தாவின் பெயர், அப்பாவின் கடை, அம்மாவுக்குக் கைகூடாத டாக்டர் படிப்பு என்று எத்தனையோ முழு அளவிலேயே வந்து இறங்குகின்றன. "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லி, பத்து வருடம் கழித்து வரப்போகும் ஆளுக்காகத் தைத்ததை இன்றைய பிள்ளைக்கு மாட்டிவிடுகிறோம். அது தடுக்கி விழுந்தால் கவனக்குறைவு என்று கண்டிக்கிறோம். சீருடையில் உள்மடிப்பு விடும் தையல்காரர் இதைவிட நியாயமானவர். வளர்ச்சிக்கு இடம் விடுகிறார். அந்த இடத்தை உள்ளே மடித்துத் தைத்து, இன்றைக்கு அது காலில் படாமலும் பார்த்துக்கொள்கிறார்.

பின்னலில் அந்த வசதி இன்னும் அதிகம். ஏற்கெனவே பெரிதாகப் பின்னிவிட்ட மப்ளரைக் கத்தரிக்க வேண்டாம். வெட்டிய இடத்தில் கண்ணிகள் அவிழ்ந்துபோகும். பின்னி முடித்த முனையில் முடிச்சைப் பிரித்து இழுத்தால் வரிசைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். தொடங்கிய முனையில் இழுத்தால் சிக்கிக்கொள்ளும். வேண்டிய நீளத்தில் நிறுத்தி, நிற்கும் கண்ணிகளை ஊசியில் வாங்கி மறுபடி முடித்துவிடலாம். கடைசி நிறங்கள் சில போகும், மற்றவற்றின் வரிசை குலையாது. எந்த நிறத்தில், எத்தனையாவது வரிசையில் நிறுத்தியது என்று துண்டுத்தாளில் எழுதி, மீந்த நூலோடு பீரோவில் வைத்துவிட்டால், பிறகு அதே இடத்திலிருந்து தொடரலாம். பன்னிரண்டு வயதில் அந்த வேடம் அதற்குப் பிடித்திருக்கிறதா, இன்னும் எத்தனை அடி வேண்டும் என்பதை அப்போது அந்தப் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளலாம்.