‘வந்ததை அனுப்பினேன்’ என்பது போதுமா?

கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. எழுதியவர் யாரென்று தெரியாது. அனுப்பியவர் நன்கு தெரிந்தவர். படித்ததும் மனம் பதறுகிறது. நாலு பேருக்குத் தெரியட்டுமே என்று அடுத்தவருக்கு அனுப்பியாகிவிட்டது. அந்தச் செய்தி பொய்யென்று பிறகு தெரிகிறது. அதற்குள் எங்கோ ஒருவருக்கு அதனால் தீங்கு நேர்ந்துவிட்டது. பொய்யைக் கட்டியவன் குற்றவாளி. அதை நம்பிக் கை ஓங்கியவனும் குற்றவாளி. இடையில் கைமாற்றிவிட்ட ஆயிரம் பேருக்கு அந்தப் பழியில் பங்கு உண்டா, இல்லையா?

சமூக ஊடகத்தால் விளைவது நன்மையா தீமையா என்று பள்ளிக்கூட மேடை முதல் தொலைக்காட்சிப் பட்டிமன்றம் வரை பேசித் தீர்த்தாகிவிட்டது. அந்த வாதங்களில் பெரும்பாலும் கருவிதான் கூண்டில் நிற்கிறது. கருவியைக் கையில் வைத்திருப்பவரின் கடமை என்ன என்ற கேள்விக்கு அங்கே இடம் குறைவு. அன்றாட வாழ்க்கையில் நம்மில் ஒவ்வொருவரும் நாளுக்குப் பலமுறை செய்கிற செயல் பகிர்தல். எனவே அறத்தின் கணக்கை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காக ஒரு குடும்பம் சென்னையிலிருந்து காரில் வந்தது. வழியில் நின்றபோது, அதில் வந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று ஊர் திரண்டது. அடித்த அடியில் அவர் உயிர் போனது. உடன் வந்தவர்களும் படுகாயம் அடைந்தார்கள். குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வடமாவட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அதற்கு முன்பே குரல் பதிவுகளும் படங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. பேரப்பிள்ளை வயதுக் குழந்தையைக் கண்டால் இனிப்பு கொடுப்பது இந்த மண்ணின் வழக்கம். அந்த வழக்கத்தையே கடத்தலுக்கு அடையாளமாகப் பார்க்கும் அளவுக்கு அச்சம் முற்றியிருந்தது.

அந்த ஆண்டு இந்தியாவின் பல பகுதிகளில் ஒரு காணொளியும் சுற்றியது. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்த எவருக்கும் நெஞ்சு அடைக்கும். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அசலில் அந்த இருவரும் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிடுகிறார்கள். குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று எச்சரிக்கும் அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். குழந்தைகளைக் காக்க எடுத்த படமே ஆட்களைக் கொல்லும் வதந்திக்கு எண்ணெய் வார்த்தது. 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிர மாநிலம் துளே மாவட்டத்தின் ரெயின்பாடா கிராமத்தில், பிழைப்புக்காக ஊர் ஊராகச் செல்லும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் இதே சந்தேகத்தால் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

வெட்டியவன் ஒருவன். அடித்தவர்கள் சில நூறு பேர். அதைப் பகிர்ந்தவர்களோ எண்ணில் அடங்காதவர்கள். அவர்களில் தாய்மார்கள் இருந்திருப்பார்கள், ஆசிரியர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் இருந்திருப்பார்கள். யாரையும் கொல்ல வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. தங்கள் பிள்ளைகளும் பிறர் பிள்ளைகளும் பத்திரமாக இருக்க வேண்டும் என்றே நினைத்தார்கள். இந்த வழக்கைச் சிக்கலாக்குவது அந்த நல்லெண்ணம்தான்.

நல்லெண்ணத்தைத் தள்ளிவிட முடியாது. கெட்ட நோக்கத்தோடு பரப்பியவரையும் பயந்துபோய்ப் பரப்பியவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. ஆனால், நோக்கம் நல்லதாக இருந்தால் பழி குறையும், பொறுப்பு தீர்ந்துவிடாது. மருந்துச் சீட்டைச் சரியாகப் படிக்காமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தவர் நோயாளி குணமாக வேண்டும் என்றுதான் விரும்பினார். படித்துப் பார்க்கும் கடமையை அந்த விருப்பம் நீக்கிவிடுவதில்லை. அக்கறை உண்மையாக இருந்தால், செய்தி உண்மையா என்று பார்க்கும் அக்கறையும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்பது இரண்டாவது வாதம். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவு ஒன்றைப் பகிர்ந்தவர் முன்ஜாமீன் கேட்ட வழக்கில், ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்று ஆதரிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் கூறியது. நீதிமன்றம் சொல்லாவிட்டாலும் மனசாட்சிக்கு இது தெரியும். ஊர் பேர் தெரியாத ஒருவர் எழுதியதை யாரும் நம்புவதில்லை. சித்தப்பா அனுப்பினார், டீச்சர் அனுப்பினார் என்பதால்தான் நம்புகிறார்கள். பொய்யைக் கட்டியவனிடம் இல்லாத நம்பகத்தை அதற்குக் கொடுப்பவர் பகிர்கிறவரே. வள்ளுவர் அறத்துப்பாலில் புறங்கூறாமை, பயனில சொல்லாமை, தீவினையச்சம், ஒப்புரவறிதல் என்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். பிறரைப் பற்றிப் பேசுவதில் தொடங்கி, தீமை செய்ய அஞ்சுவதைக் கடந்து, ஊருக்குப் பயன்படுவதில் போய்ச் சேரும் இந்த வரிசை, பகிர்கிறவருக்கும் பொருத்தமான படிப்பினை.

இத்தோடு நிறுத்தினால், எதையும் பகிராமல் இருப்பதே பாதுகாப்பான அறம் என்று ஆகிவிடும். அது சரியல்ல. பேசாமல் இருந்ததாலும் உயிர்கள் போயிருக்கின்றன.

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைமீறிச் சென்னையை மூழ்கடித்தபோது, ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் வாட்ஸ்அப்பும் மீட்புப் பணியின் நரம்பாக இருந்தன. எந்தத் தெருவில் எந்த மாடியில் யார் சிக்கியிருக்கிறார்கள், எங்கே படகு இருக்கிறது, எந்த வீட்டில் தங்க இடம் கிடைக்கும் என்ற பட்டியல்களை முன்பின் அறியாதவர்கள் சேர்ந்து தொகுத்தார்கள். ஒவ்வொரு செய்தியையும் முழுதாக விசாரித்த பிறகே அனுப்புவோம் என்று அன்று எல்லோரும் இருந்திருந்தால் பலர் மாடியிலேயே தவித்திருப்பார்கள். அதே நாட்களில், அதே கைப்பேசிகளில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற பொய்யும் ஓடியது. பண்ணையே மறுக்க வேண்டியதாயிற்று.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவல்துறையினரால் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் இறந்ததை நாடு முழுவதும் பேசவைத்ததில் சமூக ஊடகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதிகாரம் இல்லாதவர்களின் குரல் அதிகாரத்தின் காதில் விழ வேறு வழி குறைவாக இருக்கும்போது, பகிர்தல் ஒரு குடிமைக் கடமையாகவே ஆகிறது.

ஆக, பகிரலாமா கூடாதா என்ற பொதுக் கேள்விக்கு ஒரே விடை இல்லை. அந்தச் செய்தி படிப்பவரை என்ன செய்யச் சொல்கிறது என்று பார்த்தால் பாதை தெளிவாகும். உதவி கேட்கும் செய்தி ஒரு வகை. அது தவறாகிப் போனால், ஒரு தொலைபேசி அழைப்பும் சிறிது நேரமும் வீணாகும். அங்கே வேகத்துக்கு முதலிடம் கொடுக்கலாம். தேதி, நேரம், தொடர்பு எண் இருக்கிறதா என்று பார்ப்பதும், தேவை தீர்ந்ததும் ‘முடிந்தது’ என்று அறிவிப்பதும் போதும். அந்தச் சிறு கவனமும் இல்லாததால்தான், வீடு திரும்பி ஆண்டுகள் ஆன பிள்ளையின் படம் ‘காணவில்லை’ என்று இன்னும் சுற்றுகிறது. பெற்றோர் பதில் சொல்லி ஓய்கிறார்கள்.

விசாரணை கேட்கும் செய்தி இரண்டாம் வகை. அது சட்டத்தின் கதவைத் தட்டுகிறது. உண்மையைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கூட்டத்திடம் கொடுக்காமல், அதற்கென இருக்கும் அமைப்பிடம் கேட்கிறது. அங்கே கூடுதல் நிதானம் தேவை. யார் சொன்னது, எங்கே நடந்தது, வேறு நம்பத்தகுந்த இடத்தில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாலியல் கொடுமைக்கு ஆளானவரின் பெயரையும் படத்தையும் இரக்கத்தின் பெயரால்கூடப் பகிரக் கூடாது. அது சட்டப்படியும் குற்றம்.

தண்டனை கேட்கும் செய்தி மூன்றாம் வகை. ‘இவன்தான் அவன், பார்த்தால் விடாதீர்கள்’ என்றும், ‘இந்த ஊர்க்காரர்கள், இந்த மதத்துக்காரர்கள், இந்த மொழிக்காரர்கள் எல்லோருமே இப்படித்தான்’ என்றும் அது சொல்லும். தீர்ப்பை எழுதி முடித்துவிட்டு, அதை நிறைவேற்ற ஆள் தேடும் செய்தி இது. தவறானால் போவது ஒருவரின் உயிர் அல்லது ஒரு சமூகத்தின் நிம்மதி. அதைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. இது உண்மையாக இருக்கக்கூடும் என்று தோன்றினாலும் நம் கையோடு நிற்க வேண்டும். அச்சம் உண்மையானால் காவல் நிலையத்துக்குச் சொல்லலாம். குழுவில் போடுவதற்கு நியாயம் இல்லை.

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பரவிய காணொளிகள் இந்த மூன்றாம் வகையின் விளைவைக் காட்டின. தொடர்பே இல்லாத வேறு சம்பவங்களின் காட்சிகள் அவை. தமிழ்நாட்டுக் காவல்துறை மறுத்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நிலைமையைப் பார்த்தது. அதற்குள் திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்த தொழிலாளர்கள் கலங்கிப்போனார்கள். ஊரில் இருந்த தாயும் மனைவியும் ‘உடனே கிளம்பி வா’ என்று அழைத்தார்கள். கலக்கத்தில் ரயில் ஏறியவர்களுக்குப் போனது அன்றாடக் கூலி. அதைவிட, பக்கத்து மிஷினில் தைப்பவர்மீது இருந்த நம்பிக்கையில் விரிசல் விழுந்தது.

இந்தப் பொறுப்பைச் சட்டத்திடம் மொத்தமாக ஒப்படைத்துவிடலாமே என்று கேட்கலாம். 2012 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கரில், ஓர் அரசியல் தலைவரின் மறைவையொட்டி நடந்த முழுஅடைப்பைக் கேள்வி கேட்டு ஓர் இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். இன்னொரு பெண் அதற்கு லைக் போட்டார். இருவரும் கைதானார்கள். அதையொட்டி எழுந்த வழக்கில், இணையப் பதிவுகளுக்காக இப்படிக் கைது செய்ய இடம் தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒவ்வொரு பகிர்வுக்கும் லத்தியை நீட்டினால், அத்திமூர்கள் தடுக்கப்படும் முன்பே சாத்தான்குளங்கள் மௌனமாகிவிடும். வன்முறையைத் தூண்டுவதைச் சட்டம் தண்டிக்கட்டும். அதற்குக் கீழே உள்ள பரந்த வெளியில் காவல் இருக்க வேண்டியது தனிமனித மனசாட்சி.

நிறுவனங்களுக்குப் பொறுப்பில்லையா? நிச்சயம் உண்டு. உயிர்கள் பலியான பிறகே, 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் அதை இறுக்கியது. அதன்பின் அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது. சில வாரங்களில் மக்களின் குணம் மாறிவிடவில்லை. கையை ஒரு கணம் நிறுத்தும் தடை வந்தது, அவ்வளவுதான். இதை முன்பே செய்திருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் மீதான நியாயமான குற்றச்சாட்டு. அந்த ஒரு கணத்தை நாமே எடுத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பது நமக்கான பாடம்.

பொறுப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. மலிவான இணையம் வந்தபின் முதன்முதலாகக் கைப்பேசியில் உலகத்தைப் பார்க்கும் பாட்டியைவிட, போலியைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பேரனுக்குப் பொறுப்பு அதிகம். குடும்பக் குழுவில் பெரியப்பா தவறான செய்தியைப் போடுகிறார். பொய்யென்று நாலு பேருக்குத் தெரியும். பெரியவரை எப்படி மறுப்பது என்று நாலு பேரும் வாய் திறப்பதில்லை. ஐந்தாமவர் அதை எடுத்து வேறு குழுவில் போடுகிறார். இங்கே மரியாதை என்ற பெயரில் நடப்பது பொய்க்கு உடந்தையாவது. எல்லோர் முன்னும் மட்டம் தட்ட வேண்டியதில்லை. தனியாக அழைத்து, ‘பெரியப்பா, நீங்க போட்டது பழைய வீடியோ. நீங்களே எடுத்துட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டா எல்லாரும் கேப்பாங்க’ என்று சொன்னால் அவர் மதிப்பும் காப்பாற்றப்படும், உண்மையும் காப்பாற்றப்படும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் தவறு நேரும். அப்போது சத்தமில்லாமல் செய்தியை நீக்குவது பாதிக் கடமைதான். அது ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்களிடம் உண்மையாகவே வாழ்ந்துகொண்டிருக்கும். எந்தக் குழுவில் பொய் போனதோ அதே குழுவில், அதே ஆட்களுக்கு, ‘நான் அனுப்பியது பொய், யாரும் நம்ப வேண்டாம், யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்’ என்று எழுத வேண்டும். தலைகுனிவு அதில் கொஞ்சம் உண்டு. அந்தத் தலைகுனிவை ஏற்கத் தயாராக இருப்பவரே பகிரும் உரிமையை முழுமையாகக் கோரத் தகுதியானவர்.