இந்திரன் கேட்ட கேள்வியும் கேட்காத கேள்வியும்

ராஜகிருகத்துக்குக் கிழக்கே அம்பசண்டம் என்று ஒரு பார்ப்பன ஊர். அதற்கு வடக்கே வேதியக மலை. மலையில் ஒரு குகை. வாசலில் இந்தசால மரம் நின்றதால் இந்தசாலக் குகை என்று பெயர் வந்ததாக உரைகாரர்கள் சொல்கிறார்கள். புத்தர் தங்கியிருந்தது ஊருக்குள் அல்ல, ஊருக்கு வெளியே இந்தக் குகையில். பாலி தீக நிகாயத்தின் 21ஆம் சூத்திரமான 'சக்கபஞ்ஹ சுத்தம்' இப்படித்தான் தொடங்குகிறது. சக்கன் என்றால் இந்திரன். பஞ்ஹம் என்றால் கேள்வி. தேவராஜன் ஒரு குகைக்கு வந்து கேள்வி கேட்ட கதை இது.

பகையில்லாமல் வாழத்தான் எல்லாரும் ஆசைப்படுகிறார்கள். அப்படியிருந்தும் பகையிலேயே வாழ்கிறார்களே, எது அவர்களைக் கட்டிவைத்திருக்கிறது? இதுதான் அவன் முதல் கேள்வி. புத்தரின் பதில் இரண்டே சொற்கள்: இஸ்ஸா, மச்சரியம். பொறாமையும் ஈயாமையும். அவற்றுக்கு வேர் விருப்பு வெறுப்பு, அதற்கு வேர் ஆசை, ஆசைக்கு வேர் எண்ணம், எண்ணத்துக்கு வேர் மனம் பெருக்கிக்கொண்டே போகும் கற்பிதம் என்று பதில் பின்னோக்கிப் போகிறது.

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? சாதியை வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயமாக்கி, 'மனசு மாறினா எல்லாம் மாறிடும்' என்று உபதேசம் செய்கிறவர்களுக்கு இது தோதாகப் போய்விடாதா? ஒரு வாசிப்புக் கூட்டத்தில் இந்தச் சூத்திரத்தைப் பற்றிப் பேசியபோது, பண்ணையில் வேலை பார்த்தே வயதாகிப்போன பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஏந் தம்பி, ஒண்ணுமே இல்லாதவங்கிட்ட வந்து பொறாமப்படாதேன்னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு புத்தரு? அதத்தான் பண்ணையாரே தெனம் சொல்றாரே" என்றார்.

அவர் கேட்டது நியாயம். அதற்கான பதில் கதைக்குள்ளேயே இருக்கிறது. கேள்வி கேட்டவன் யார்? பசித்தவன் அல்ல, இந்திரன். ஆயுதமும் சிம்மாசனமும் வைத்திருப்பவன். பொறாமையும் ஈயாமையும்தான் பகைக்குக் காரணம் என்று புத்தர் சொன்னது, எல்லாம் வைத்திருக்கிறவனின் முகத்தைப் பார்த்து. அதே பதிலைத் தூக்கிவந்து சேரியில் போதித்தால் அது வேறு பொருளாகிவிடுகிறது. ஒரு அறம் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதை மறைத்துவிட்டால், அறமே அதிகாரத்தின் கைத்தடியாகிவிடும்.

சூத்திரத்தின் கடைசிப் பகுதியில் இந்திரன் தன் பழைய சந்தோஷம் ஒன்றை நினைவுகூர்கிறான். தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் நடந்த போரில் தேவர்கள் ஜெயித்தார்கள். தேவர்களுடைய ஓஜசும் அசுரர்களுடைய ஓஜசும், அதாவது இரண்டு தரப்பின் வாழ்வூட்டமும், இனி தேவர்களுக்கே என்று அன்றைக்கு அவன் மகிழ்ந்தானாம். அந்த மகிழ்ச்சி தடியோடும் ஆயுதத்தோடும் வந்த மகிழ்ச்சி. அது அமைதிக்குக் கொண்டுபோகாது என்று இப்போது அவனே ஒப்புக்கொள்கிறான். கொள்ளையடித்தவன் வாயாலேயே கொள்ளை என்று பதிவாகியிருக்கிற இடம் இது. புராணங்களில் நாம் படித்ததெல்லாம் தேவர்கள் பக்கத்து வெற்றிச் செய்தி. இங்கே வெற்றி பெற்றவனே அந்த வெற்றியின் ருசியைக் குறைசொல்கிறான்.

சிற்பிகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்திருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டுப் பார்குத் தூபியில், 'இதசால குகா' என்று பெயர் வெட்டி இதைச் செதுக்கியிருக்கிறார்கள். புத்தருக்கு உருவம் இல்லை. குகைக்குள் ஒரு வெற்று ஆசனம், அதற்கு முன்னால் தேவர்கள். சாஞ்சி முதல் தூபியின் வடக்குத் தோரணத்திலும் அப்படியே. பின்னால் வந்த காந்தாரச் சிற்பங்களில், பெஷாவர் அருங்காட்சியகத்தில் உள்ள மாமானே தேரிச் சிற்பத்தில் இருப்பதுபோல, புத்தர் பெரிதாகத் தியானத்தில் இருக்கிறார். சுற்றிலும் பொந்துகளில் விலங்குகள். இந்திரன் சின்ன உருவமாக நிற்கிறான். கல்லில் வேலை பார்த்த அந்தக் கைகள் தேவராஜனை அளவில் சுருக்கியிருக்கின்றன என்பதை நாம் கவனிக்க வேண்டும். 5ஆம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி பாஹியான், இந்திரன் 42 கேள்விகள் கேட்டதாகவும் ஒவ்வொன்றையும் விரலால் பாறையில் கோடிட்டதாகவும் அங்கே கேட்ட கதையை எழுதிவைத்திருக்கிறார். சூத்திரத்தில் அத்தனை கேள்விகள் இல்லை. மக்கள் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

இனி அந்த இரண்டு சொற்களுக்கு வருவோம். மச்சரியம் என்றால் வெறும் கஞ்சத்தனம் அல்ல. 5ஆம் நூற்றாண்டு உரைகாரர் புத்தகோசர், தன்னுடையது பிறர்க்கும் பொதுவாவதைப் பொறுக்கமாட்டாமை என்று அதற்கு விளக்கம் தருகிறார். பிறர் செழிப்பைப் பொறுக்கமாட்டாமை இஸ்ஸா. நம் தமிழிலும் பொறாமை என்ற சொல்லை உடைத்தால் பொறுக்காமைதான் வருகிறது. பகைக்கு வேர் பற்றாக்குறை அல்ல, பொறுக்காமை.

மகாத் சவுதார் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1924இலேயே அந்த ஊர் நகராட்சி குளத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டுவிட்டது. 1927 மார்ச் 20இல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானோரும் போய்த் தண்ணீர் குடித்தபோது தாக்கினார்கள். பிறகு பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். தண்ணீர் குறைந்துபோச்சு என்பதா அவர்கள் பிரச்சினை? ஆடு மாடு குடித்த குளம் அது. பொதுவாகிப்போச்சு என்பதுதான் பிரச்சினை. இது மச்சரியம். 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் காவல்படை புகுந்ததைப் பற்றி மக்கள் சொன்ன சாட்சியங்களைப் படித்துப் பாருங்கள். உடைக்கப்பட்டவற்றில் தொலைக்காட்சிப் பெட்டியும் மின்விசிறியும் இருந்தன. குடிக்கிற கிணற்றில் நஞ்சு கலக்கப்பட்டது. வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதித்து நிமிர்ந்த சனங்களின் ஊர் அது. இது இஸ்ஸா.

இந்திரனுக்கே இந்த இரண்டும் உண்டு என்பதற்குத் தமிழ்ப் பௌத்தத்தில் சாட்சி இருக்கிறது. மணிமேகலையில், பார்ப்பனர்கள் விரட்டிவிட்ட ஆபுத்திரன், அமுதசுரபியை வைத்துக்கொண்டு பசித்தவர்க்கெல்லாம் சோறு போடுகிறான். அவன் கொடுக்கக் கொடுக்க இந்திரன் ஆசனம் ஆடுகிறது. கிழப் பார்ப்பான் வேஷத்தில் வந்த இந்திரனைப் பார்த்து ஆபுத்திரன் சிரித்துவிடுகிறான். உடனே இந்திரன் மழையைக் கொட்டி, வாங்க ஆளில்லாமல் செய்துவிடுகிறான். பஞ்சம் தீர்ந்தது நல்லதுதானே என்று கேட்கலாம். ஆனால் பன்னிரண்டு வருஷம் பெய்யாத மழையை அவன் பெய்யவிட்டது பசியைப் பார்த்து அல்ல. கொடுக்கிற கையைப் பொறுக்காமல். மேலிருந்து வருகிற நலத்திட்டங்களின் நோக்கத்தை நாம் ஏன் துருவிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்தக் கதை போதும்.

பௌத்த நூல்கள் மச்சரியத்தை ஐந்தாகப் பிரிக்கின்றன: ஆவாசம், குலம், லாபம், வண்ணம், தம்மம். பிக்குகள் தங்குமிடத்தையும், தங்களுக்குச் சோறிடும் குடும்பங்களையும், கிடைப்பதையும், புகழையும், படித்த அறத்தையும் தனக்கென்றே பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் முதல் பொருள். நான் இதை ஊருக்குள் கொண்டுவந்து படிக்கிறேன். இருக்கிற இடம், பிறந்த குலம், நிலத்து விளைச்சல், வருணம், கல்வி. சாதி இந்த ஐந்து பூட்டுகளால்தானே நிற்கிறது? மச்சரியம் மனசுக்குள் ஒளிந்திருக்கும் குணம் மட்டும் அல்ல. தெருவாக, பட்டாவாக, பள்ளிக்கூடமாக வெளியே கட்டி எழுப்பப்பட்ட ஒன்று. மனம் மாறுவது என்றால் பூட்டுத் திறப்பது என்றுதான் அர்த்தம். தேவர்கள் நுழைந்தபோது குறுகலாக இருந்த குகை அகலமானது, மேடுபள்ளம் சமமானது, இருட்டில் வெளிச்சம் வந்தது என்று சூத்திரம் சொல்கிறது. அதைத் தேவர்களின் மகிமை என்கிறது. ஆட்கள் வர வர இடம் கொடுப்பதுதான் அறம் என்று நான் படிக்கிறேன்.

ஆனால் குகை எல்லாருக்கும் அகலமாகவில்லை. புத்தரை முதலில் யாழிசைத்து அணுகிய பஞ்சசிகனுக்கு, அவன் ஆசைப்பட்ட சூரியவச்சசையைப் பரிசாகக் கொடுக்கிறான் இந்திரன். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபிகை என்ற சாக்கியப் பெண் பெண்தன்மையை விட்டதால்தான் தேவனானாள் என்றும் அதே சூத்திரம் பேசுகிறது. பௌத்தம் நம்முடையது என்பதற்காக இதற்கெல்லாம் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

அயோத்திதாசப் பண்டிதர் 'இந்திரர் தேச சரித்திர'த்தில் இந்திரர் என்பதே ஐந்து இந்திரியங்களை வென்ற புத்தரின் பெயர் என்று எழுதினார். வேதத்தின் கையிலிருந்து அந்தப் பெயரைப் பிடுங்கியது பெரிய கலகம். பாலிக் கதை வேறு வழியில் போகிறது. அது இந்திரனை ஆள்பவனாகவே வைத்துக் கேள்வி கேட்கவைக்கிறது. இன்றைக்கு இரண்டாவது வழியும் நமக்குத் தேவைப்படுகிறது.

ஏனென்றால் இந்திரன் கேட்காத கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது. உபதேசம் முடிந்ததும் அவனுக்குத் தம்மக்கண் திறந்தது, புத்தரை வணங்கினான் என்று சூத்திரம் முடிகிறது. அசுரர்களின் ஓஜசை அவன் திருப்பிக் கொடுத்தானா? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கொள்ளையில் ருசியில்லை என்று உணர்ந்தவன், கொள்ளைப் பொருளை என்ன செய்தான்? மனம் திருந்தியதோடு கதை முடிந்துபோவது திருந்தியவனுக்குச் சௌகரியம். பறிகொடுத்தவனுக்குக் கதை இன்னும் தொடங்கவே இல்லை.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. அந்த நிலங்கள் கைமாறிப்போயின. காரணையில் அந்த நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10இல் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்துப்போனார்கள். தீண்டாமை பாவம் என்று ஒப்புக்கொள்ள இன்று மேடைகளுக்குக் குறைவில்லை. நிலம் என்று பேச்சை எடுத்தால் மேடை காலியாகிவிடுகிறது.

பெரியவருக்கு நான் இப்போது சொல்லக்கூடியது இதுதான். பொறாமைப்படாதே என்பது உங்களுக்குச் சொன்னதல்ல, ஐயா. ஆனால் நம்மில் யாருக்கு ஒரு பதவியோ, மேடையோ, பத்திரிகைப் பக்கமோ கிடைக்கிறதோ, அவர்கள் அந்த ஐந்து பூட்டில் ஒன்றின் சாவியை வாங்கிவிட்டார்கள். உட்சாதி பார்த்து அதைப் பூட்டினால், பெண்களுக்குத் திறக்காமல் வைத்தால், அந்தக் குகையில் சொன்ன பதில் நமக்கும் சேர்த்துத்தான். மற்றபடி, திருந்திவிட்டேன் என்று வருகிற எந்த இந்திரனிடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: எங்கள் பங்கு எங்கே?