மறு பரீட்சைக்கு நேரம் கொடுப்பவர் யார்?

வியாபாரிக்குத் தன் பிள்ளை வக்கீலாக வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. கடை வாடகையிலும் கொடுக்கல் வாங்கலிலும் பிறர் எழுதிய காகிதத்தில் கையொப்பமிட்டே காலம் கழித்தவருக்கு, அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று தோன்றுவது இயற்கையே. ஆனால் அந்த ஆசைக்கு ஒரு விலை உண்டு. அவ்விலையில் பெரும்பகுதி பணமல்ல, நேரம். முதல் தடவை தவறிய பிள்ளை மறுபடியும் பரீட்சைக்கு ஆயத்தமாகும்போதுதான் இது வெளிச்சத்துக்கு வருகிறது.

வெளிநாட்டுச் சட்டப் பட்டம் பெற்றவர்கள் நம் நாட்டில் வக்கீல் தொழிலுக்குள் நுழைய, ஸி.எல்.பி. எனப்படும் சட்டத் தொழில் சான்றிதழ்ப் பரீட்சையில் தேறவேண்டும். 1976ஆம் வருடத்து வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்கீழ் அமைந்த தகுதி வாரியம் இதை 1984 முதல் நடத்தி வருகிறது. தாள்கள் ஐந்து: பொதுத் தாள், சிவில் நடைமுறை, கிரிமினல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில் நடைமுறை. நான்கில் தேறி ஒன்றில் தவறியவருக்கு அந்த ஒன்றை மட்டும் திரும்ப எழுத வழியுண்டு. அதற்குமேல் தவறினால் ஐந்தையும் மறுபடி எழுதவேண்டும். எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கும் எல்லை உண்டு.

இந்த இரண்டாம் தடவையை யோங் பெங்கில் வீட்டிலிருந்தபடியே எழுதுவது என்று ஒரு பிள்ளை தீர்மானித்தால் என்ன நடக்கிறது? கோலாலம்பூரில் அறை எடுத்துத் தங்கும் செலவு மிச்சம் என்று தகப்பனாருக்குத் திருப்தி. வீட்டுச் சாப்பாடு என்று தாயாருக்குத் திருப்தி. மூன்றாம் வாரத்தில் பார்த்தால் பிள்ளை கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான்! வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையடைந்த பின்னரும் வழிப்பயணிகள் இறங்கிப் பசியாறிச் செல்லும் ஊர் இது. பத்து பகாட்டுக்கும் குளுவாங்குக்கும் போகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். “சும்மாதானே இருக்கிறாய், அரை மணி பார்த்துக்கொள்” என்ற வார்த்தை அஸருக்குத் தொடங்கி இஷாவில் முடிகிறது. மகளாக இருந்தால் கல்லாவுக்குப் பதில் அடுப்படி. அவ்வளவே வித்தியாசம். மகளுடைய நேரத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் வலுவாக இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிள்ளையின் பக்கமும் குற்றமற்றதன்று. தோல்வியின் வெட்கத்தில், நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் படிப்பதாக ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுகிறான். நான்காம் நாளே அது பொய்த்துவிடுகிறது. பிறகு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கைத்தொலைபேசியைப் பார்ப்பதும் படிப்பு என்ற பெயரில் போகிறது. தகப்பனார் வேலை என்று சொல்லாமல் வேலை வாங்குகிறார். மகன் படிப்பு என்று சொல்லிப் படிக்காமல் இருக்கிறான். இரண்டும் ஒரே ஜாதிப் பொய்தான்.

சரக்குக்கு விலை பேசும்போது கையிருப்பைப் பாராமல் வாக்குக் கொடுக்கும் வியாபாரியை நாம் என்னவென்று சொல்வோம்? கால அட்டவணையும் ஒரு வாக்குறுதியே. அதைக் கையிருப்பைப் பார்த்தே எழுதவேண்டும். சுபுஹுக்குப் பின் 2 மணி, லுஹருக்கும் அஸருக்கும் நடுவே 1 மணி. ஆக நாளுக்கு 3 மணி நேரம் உண்மையாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் 6 நாள் என்றால் 18 மணி. 24 வாரத்துக்கு 432 மணி. இதில் ஆறில் ஒரு பங்கை, அதாவது 72 மணியை, காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் நோன்பு மாதத்துக்கும் கழித்துவிடவேண்டும். ரமலான் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முந்தி வருவதால், இவ்வருடம் அது எந்த வாரங்களில் விழுகிறது என்று பார்க்காமல் எழுதும் அட்டவணை வெறும் காகிதம். மிச்சம் 360 மணி. தாளுக்கு 72 என்று சமமாகப் பங்கு போடுவது நியாயம்போலத் தோன்றும், நியாயமல்ல. சென்ற தடவை எந்தத் தாளில் கை நழுவியது என்று பார்த்து, அதற்கு 100 மணியும் நன்றாக வந்த தாளுக்கு 40 மணியும் கொடுப்பதே கணக்கு. அந்த நேரத்திலும் ஒரு நல்ல பகுதியைப் பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் பார்த்து எழுதிப் பழகவே ஒதுக்கவேண்டும். வாசித்தது எல்லாம் எழுத வந்துவிடாது.

லண்டனில் சட்டம் பயிலச் சென்ற காந்தியார், அங்கே கூடவே மெட்ரிகுலேஷன் பரீட்சையும் எழுதி, லத்தீனில் தவறினார். அடுத்த தடவைக்கு அவர் செய்தவற்றைக் கவனியுங்கள். விஞ்ஞானத்தில் தமக்கு ஒட்டாத ரசாயனத்தை விட்டு வேறு பிரிவை எடுத்தார். வாசத்தை ஒரே அறைக்குச் சுருக்கி, காலை உணவைத் தாமே சமைத்தார். பணம் மிச்சமானது மட்டுமல்ல, நேரமும் மிச்சமாயிற்று, தேறினார். செலவு செய்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி வைத்த மாணவர் அவர். பின்னர் 1893இல் தாதா அப்துல்லா என்ற முஸ்லிம் வியாபாரியின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றபோது, கணக்குப் புத்தகம் புரியாமல் வழக்குப் புரியாது என்று கண்டு, கணக்கியல் நூலை வாங்கிப் படித்தார். பேரேட்டின் நடுவே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் சும்மாவே கிடைத்திருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்த நேரம் முழுவதும் வீண் என்று நான் சொல்லவில்லை.

துங்கு அப்துல் ரஹ்மான் வரலாறு இன்னும் நெருக்கமானது. 1925இல் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றவர், பாரிஸ்டர் பரீட்சையில் தவறித் தாயகம் திரும்பி, கெடாவில் உத்தியோகம் பார்த்தார். 1938இல் மறுபடி சென்றார், யுத்தம் குறுக்கிட்டது. யுத்தத்துக்குப் பின் மூன்றாம் முறை கப்பலேறி, நாற்பது வயதைக் கடந்தபின், 1949இல் பாரிஸ்டரானார். எட்டே வருடத்தில் சுதந்திர மலாயாவின் முதல் பிரதமர். இதைக் காட்டி, எத்தனை வருடமானாலும் எழுதிக்கொண்டே இரு என்று பிள்ளையிடம் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. அவருக்கு இடையில் ஓர் உத்தியோகம் இருந்தது, வாழ்க்கை நின்றுபோகவில்லை. நம் பிள்ளைக்கு எந்தத் தடவையோடு நிறுத்துவது, நிறுத்தினால் என்ன தொழில் என்பதையும் படிக்கத் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது. அட்டவணையின் அடியில் அதற்கும் ஒரு வரி இருக்கட்டும். அப்படி எழுதி வைப்பது பிள்ளையின் மேல் நம்பிக்கையில்லாமை ஆகாது. பரீட்சை முடிவு வந்த நாளின் கோபத்திலும் அழுகையிலும் எடுக்கும் தீர்மானத்தைவிட, அமைதியான நாளில் எடுத்தது இருவருக்கும் நேர்மையாயிருக்கும்.

ஆகவே அட்டவணையைப் பிள்ளை தனியே எழுதக் கூடாது. அத்தாவும் அம்மாவும் உடனிருந்து, “இந்த மூன்று மணி நேரம் உன்னுடையது, கடை எரிந்தாலொழியக் கூப்பிடமாட்டோம்” என்று சொல்லி எழுதவேண்டும். பிள்ளையும், மிச்ச நேரத்தில் கடைக்கு எத்தனை மணி கொடுப்பான் என்பதை ஒளிவின்றிச் சொல்லவேண்டும். பரீட்சை எழுதியதை ஊருக்கு மறைக்கவும் தேவையில்லை. வாடிக்கைக்காரர் கேட்டால், மறுபடி எழுதுகிறான் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. அந்த 24 வாரத்துக்குக் கடையில் ஒரு கை குறையும். குறைந்த இடத்துக்குக் கூலிக்கு ஆள் வைத்தால், அந்தச் சம்பளத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கணக்குப்பிள்ளை கேட்பார். படிப்புச் செலவு என்றே எழுதச் சொல்லலாம்.