இருபது காசு

மலிவாகக் கிடைத்த நல்ல சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது மனிதர்களுக்கு ஒரு தனி உற்சாகம் பிறந்துவிடுகிறது. பெரிய விடுதியில் சாப்பிட்டவன் அந்த விடுதியின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவான். சந்துக் கடையில் சாப்பிட்டவனோ தன்னுடைய சாமர்த்தியத்தைச் சொல்லிப் பெருமைப்படுவான். 'எவ்வளவு கொடுத்தேன், சொல்லுங்கள் பார்க்கலாம்' என்று புதையல் எடுத்தவனைப் போலக் கேட்பான். நானும் அந்த ஜாதிதான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இருந்ததில்லை, சிங்கப்பூரில் ஒரு காலை வேளையில் இருபது காசுக்காக முகம் சுளிக்கும் வரையில்.

என் தமக்கை மகன் அங்கே வேலையாக இருக்கிறான். அவன் குடியிருக்கும் அடுக்கு வீட்டுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், ஓர் உணவங்காடி நிலையம். கூரை உண்டு, சுவர் இல்லை. ஒரு கடையில் சீனப் பெரியவர் கோழியைக் கொத்திக் கொத்திச் சோற்றின்மேல் அடுக்குகிறார். அடுத்த கடையில் மலாய்ப் பெண்மணி தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றோடு நெத்திலியும் சம்பாலும் வைத்துக் கொடுக்கிறாள். அதற்கடுத்த கடையில் நம்மவர் ஒருவர் தேநீரை முழ நீளத்துக்கு ஆற்றுகிறார். காலி மேஜையின்மேல் ஒரு சிறு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் உங்களுடையது; யாரும் அதை நகர்த்த மாட்டார்கள். ரயிலில் துண்டு போட்டு இடம் பிடித்துப் பழகிய நமக்கு இதைப் பார்த்ததும் ஓர் உறவுணர்ச்சியே உண்டாகிவிடுகிறது!

இந்தக் கடைகளெல்லாம் ஒரு காலத்தில் தெருவில் இருந்தவை. தண்ணீர் வசதி கிடையாது. கழிவெல்லாம் சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போயிற்று. 1968-69-ல் தெருக் கடைக்காரர்களைப் பதிவு செய்து, பிறகு கட்டடங்கள் எழுப்பி, 1986-க்குள் அவர்களைக் கூரையின் கீழ் கொண்டுவந்து சேர்த்தது அரசாங்கம். தெருவிலிருந்து வந்தவர்களுக்கு வாடகையிலும் சலுகை கிடைத்தது. இப்போது அத்தகைய நிலையங்கள் 110-க்கும் மேல் இருக்கின்றன.

எங்கள் நிலையத்தில் ஒரு பராட்டாக் கடை. கடைக்காரருக்கு எழுபதை நெருங்கும் வயது. அவருடைய தகப்பனார் கடையநல்லூரிலிருந்து கப்பலேறி வந்தவராம். எண்ணெய் தடவிய பலகையில் மாவு உருண்டையை அறைந்து, வீசி, வேட்டித் துணி போல மெல்லிதாக்கி, நான்காக மடித்துக் கல்லில் போடுவார். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மெதுமையுமாக அது மீன் குழம்போடு வரும். அதை வர்ணித்துக்கொண்டே போனால் நான் சொல்ல வந்த விஷயம் நின்றுவிடும்.

முந்தின பிரயாணத்தில் கொடுத்ததைவிட இந்தத் தடவை பராட்டா ஒன்றுக்கு இருபது காசு கூடியிருந்தது. "என்ன பாய், விலையை ஏற்றிவிட்டீர்களே?" என்றேன். வேடிக்கையாகக் கேட்பது போலத்தான் கேட்டேன். ஆனால் என் முகம் அவ்வளவு வேடிக்கையாக இருந்திருக்காது போலும்.

"மாவு, நெய்யி எல்லாம் ஏறிப்போச்சு சார். ரெண்டு வருஷமாத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மன்னிச்சுக்குங்க" என்றார்.

அன்று பிற்பகல் ஒரு குளிர்பதனக் கடையில் காப்பி குடித்தேன். ஒரு குவளை 8 வெள்ளி. சீட்டைப் பார்க்காமலே பணத்தை நீட்டினேன்.

"காலையிலே பாய்கிட்டே கேட்ட மாதிரி இங்கே கேட்கலையே மாமா?" என்றான் பையன். சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

ஏன் கேட்கவில்லை? அன்றிரவு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். காப்பிக் கடையின் விலையைச் சொன்னது ஓர் அச்சிட்ட பலகை. அதோடு வாதாடினால் என் கௌரவம் குறையும். பராட்டாவின் விலையைச் சொன்னது ஒரு மனிதர். அதுவும் எளிய மனிதர். எளியவர் சொல்லும் விலையை மட்டும் நாம் ஏன் ஒரு விண்ணப்பமாக எடுத்துக்கொள்கிறோம்? ஏற்பதும் மறுப்பதும் நம் கருணை என்று எப்படியோ எண்ணிவிடுகிறோம்.

அந்த மலிவு வானத்திலிருந்து குதிக்கவில்லை. விடிவதற்கு வெகுமுன்னே எழுந்து மாவு பிசையும் கை கொடுக்கிறது. கல்லின் முன் நின்றே தேய்ந்த முழங்கால் கொடுக்கிறது. சம்பளம் கேட்காத மனைவி கொடுக்கிறாள். 2016-ல் மிஷலின் நிறுவனத்தார் 2 வெள்ளிக்குக் கோழிச் சோறு விற்ற ஒரு கடைக்கு நட்சத்திரம் கொடுத்தார்கள். உலகமே வரிசையில் வந்து நின்றது. 2021-ல் அந்த நட்சத்திரம் போயிற்று. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த அங்காடிப் பண்பாட்டையே மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. மாலை விழுந்தது, சரி. ஆனால் மரபைச் சுமக்கிறவர்களை வயது வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு அறுபதை ஒட்டி இருக்கும். புதிதாக வருகிறவனோ ஏலத்தில் கடை எடுக்க வேண்டும். 2024-ல் ஒரு கடைக்கு மாதம் 10,000 வெள்ளிக்கு மேல் கேட்டவரும் உண்டு.

அப்படியானால் விலையை ஏற்றட்டும் என்று சொல்லிவிடலாமா? என் மனச்சாட்சிக்கு அது சௌகரியமான தீர்ப்பு. ஆனால் பக்கத்து மேஜையில் புதுக்கோட்டைப் பிள்ளை ஒருவன் உட்கார்ந்திருந்தானே! கட்டட வேலைக்கு வந்தவன். இரண்டு பராட்டாவுக்கு நாற்பது காசு அதிகம் என்றால் அவன் மனத்தில் அது உடனே ரூபாயாக மாறிவிடும். ஊரில் இருக்கும் கடனில் ஒரு துளியாக மாறிவிடும். என் நியாயத்துக்கு அவன் வயிறு எதற்காகக் கப்பம் கட்ட வேண்டும்? பாய் இரண்டு வருஷம் தள்ளிப் பார்த்தது என்னை நினைத்தா, இவனை நினைத்தா? இவனை நினைத்துத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவர் இவனுக்காகக் குறைத்து வைத்திருந்த விலையில் நான் புகுந்து சாப்பிட்டுவிட்டு, சாமர்த்தியசாலி என்று தோளைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் மட்டும் கூடக் கொடுத்தால் என்ன? மறுநாள் காலை சாப்பிட்டுவிட்டு, மீதிச் சில்லறையை வாங்காமல் நடந்தேன்.

"சார், சில்லறை!"

"இருக்கட்டும் பாய்."

"எதுக்கு சார்? அதான் விலை சொல்லிட்டேனே."

கோபம் இல்லை அவர் குரலில். கணக்கைச் சரிசெய்கிற குரல். நேற்று அவருடைய விலையைக் குறைவாக நினைத்தேன். இன்று அதையே தர்மமாக மாற்றப் பார்த்தேன். இரண்டு நாளும் அவர் சொன்ன விலையை விலையாக நான் ஏற்றுக்கொள்ளவில்லை. சில்லறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

தட்டை எடுத்துப்போய் அதற்கான அடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பும்போது, போகிறபோக்கில் அவருடைய மகனைப் பற்றி விசாரித்தேன்.

"ஆபீஸ்லே இருக்கான் சார். ஏசி ரூம்" என்றார், அடுத்த உருண்டையை எடுத்துக்கொண்டே.

கடையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் கேட்கவில்லை.