குண்டு பழகுவதை வேடிக்கை பார்க்கலாமா?

ஆகாய விமானங்கள் கடலோரத்தில் குண்டு போட்டுப் பழகுவதைக் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பது குற்றமாகுமா? ஆளில்லாத தீவு, யாரையும் கொல்லாத குண்டு, பார்ப்பவன் கையிலோ ஒரு கல்லும் இல்லை. பின் எங்கிருந்து குற்றம் வரும் என்று கேட்பவர்கள் நம்மவர்களில் பலர் உண்டு. சிறிய கேள்வியாகத் தோன்றினாலும் இது தள்ளிவிடத் தக்கதன்று.

நம் நாட்டிலேயே இதற்கு இடமிருந்தது. கெடா மாநிலத்தில் ஜெராய் மலைக்கு எதிரே, யான் கரைக்கு அப்பால் கடலில் சொங் சொங் என்றொரு சிறு தீவு இருக்கிறது. பட்டர்வொர்த் விமானத் தளத்திலிருந்து கிளம்பிய விமானங்கள் அதைக் குறியாக வைத்துப் பழகின. அத்தளத்தைப் பிரிட்டிஷார் 1958-ம் ஆண்டில் ஆஸ்திரேலியரிடம் ஒப்படைத்தனர். 1988-ம் ஆண்டில் அது மலேசிய விமானப் படையின் கைக்கு வந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் கான்பெரா, சேபர், மிராஜ் என்று பல வகை விமானங்கள் அத்தளத்தில் இருந்தன.

தேயிலைத் தோட்டத்துப் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவனுக்குக் கடலோடு என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சரக்கெடுக்கப் பினாங்குக்குப் போய் வருகிறவன் நான். அதுவன்றியும், கேமரன் மலையில் இருப்பவர்களுக்கு வானத்திலிருந்து விழும் குண்டு புதிய சங்கதியல்ல. 1948 முதல் 1960 வரை நடந்த அவசர காலத்தில் பஹாங் காடுகளின் மேலும் குண்டு விழுந்தது. லயத்தில் படுத்திருக்கையில் மலைக்கு அப்பால் இடி போலக் கேட்டதென்று என் வாப்பா காலத்தவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் மட்டுமா இருந்தார்கள்? செமாய், தெமியார் மக்கள் பெண்டு பிள்ளைகளோடு குடியிருந்த காடல்லவா அது? மேலே பறப்பவனுக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரிந்திருக்கும்.

நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் கல்வி. ஆயினும் அன்று செவியில் விழுந்த சில செய்திகள் இந்த விஷயத்தில் எனக்கு உதவுகின்றன. அம்பெய்யப் பழகும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆர்வமூட்டியிருக்கிறார்கள். ஆகவே பழகுவதே பாவமென்று சொல்ல வழியில்லை. நாடென்றால் காவல் வேண்டும். காவலுக்குப் படை வேண்டும். பழகாத விமானி குறி தவறி ஊரையே கொளுத்திவிடுவான். இதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஹதீஸில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. குறைஷி வாலிபர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டி வைத்து அம்பெய்து கொண்டிருந்தார்கள். குறி தவறிய அம்புகளெல்லாம் பறவைக்குச் சொந்தக்காரனைச் சேரும் என்பது ஏற்பாடு. அவ்வழியே வந்த இப்னு உமர் (ரலி) அவர்களைக் கண்டதும் சிதறி ஓடினார்கள். உயிருள்ள ஒன்றைக் குறியாக்குவோரை நாயகம் அவர்கள் சபித்ததாக அவர் எடுத்துச் சொன்னார். வியாபாரியாகிய எனக்கு இதில் மனத்தைத் தைப்பது அந்தப் பறவைக்காரனுடைய கணக்குத்தான். அவன் வில்லைத் தொடவில்லை. பறவையைக் கொடுத்தான், அம்பை எடுத்துக்கொண்டான், அவ்வளவே. எய்யாதவனுக்கும் அந்த விளையாட்டில் ஒரு வரவு இருந்தது. கரையில் நின்று பார்க்கிறவனுக்கும் ஒரு வரவு உண்டு, அது சந்தோஷம். அந்த வரவுக்கு எதிரே பற்று எந்த ஏட்டில் எழுதப்படுகிறது?

தீவில் உயிரே இல்லை என்பார்கள். மீனில்லாத கடலுண்டா, பறவை அமராத பாறையுண்டா? பழகும் நேரத்தில் படகுகள் அப்பக்கம் போகக் கூடாது. வலைக்காரனுக்கு அன்றைய பிழைப்பும் போயிற்று. ஆனால் இதைவிடப் பெரிய கணக்கு ஒன்றிருக்கிறது.

நம் தொழிலில் மாதிரி என்று ஒன்று உண்டு. ஒரு பிடி அரிசியைக் காட்டினால், மூட்டைகள் பின்னால் வருகின்றன என்று பொருள். மாதிரியோடு நிற்கும் வியாபாரம் கிடையாது. 1958 முதல் பட்டர்வொர்த்தில் இருந்த கான்பெராப் படைப்பிரிவு 1967 ஏப்ரலில் அங்கிருந்து நேரே வியட்னாமிலுள்ள பான் ராங் தளத்துக்குப் போயிற்று. 1971 வரை அங்கே குண்டு போட்டது. நம் கடற்கரைப் பக்கம் கண்டது மாதிரி. சரக்கு இறங்கியது வியட்னாமியரின் ஊரில். அந்த யுத்தம் சரியா தவறா என்பது வேறு வழக்கு. மாதிரியைக் கண்டு மகிழ்ந்தவன் சரக்கு யாருக்குப் போகிறதென்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா என்பதே என் கேள்வி.

மாதிரியே ஆளைக் கொல்வதும் உண்டு. போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வியேக்கஸ் தீவில் அமெரிக்கக் கடற்படை பல்லாண்டு பழகி வந்தது. 1999 ஏப்ரல் 19-ம் தேதி குறி தவறிய குண்டுகள், பயிற்சியைக் கண்காணிக்கும் நிலையத்தின் அருகில் விழுந்து, அங்கே காவல் வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர் மாண்டார். ஊரார் பழகுமிடத்துக்குள்ளேயே கூடாரமடித்து உட்கார்ந்துகொண்டார்கள். 2003 மே முதல் தேதி கடற்படை அங்கிருந்து வெளியேறியது. அம்போடு பள்ளிவாசலுக்குள்ளும் சந்தைக்குள்ளும் வருகிறவர் அதன் முனையைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டுமென்பது நமக்குள்ள கட்டளை. முனையைப் பொத்தும் பொறுப்பு அம்புக்காரனுடையது, வழிப்போக்கனுடையதன்று.

ஆகவே என் பிள்ளைகளைப் பார்க்க வேண்டாமென்று தடுக்க மாட்டேன். நாட்டின் காவலுக்கு என்னென்ன செய்யப்படுகிறது என்று அவர்களும் அறியட்டும். கைதட்டிக் குதூகலிப்பதைத்தான் தடுப்பேன். குண்டு என்றால் ஒருவர் மேலும் விழாதது என்று கண் ஒருமுறை பழகிவிட்டால், அந்தப் பழக்கத்தை மாற்றுவது கடினம். பினாங்கில் அன்று நடந்ததும் அதுதானென்று எண்ணுகிறேன். 1941 டிசம்பர் 11, வியாழக்கிழமை. ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனுக்கு மேல் வந்தபோது ஜனங்கள் பதுங்கவில்லை. நம்மவர்கள் கடை வைத்திருந்த சூலியா தெருவும் அதே பட்டணத்தில்தான் இருக்கிறது. கூட்டம் கூட்டமாக வீதிக்கு வந்து, திருவிழா பார்ப்பது போல அண்ணாந்து நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. விமானத்தைச் சுட்டு வீழ்த்த அந்த ஊரில் ஒரு பீரங்கியும் இல்லை. குண்டுகளும் இயந்திரத் துப்பாக்கிச் சூடும் அந்தக் கூட்டத்தின் மேலேயே விழுந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். எடுத்து அடக்க ஆளில்லாமல் பிணங்கள் நாட்கணக்கில் தெருவிலே கிடந்தன.